முன்கதவா மேல்மூடியா என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அத்தா எழுதுகிறேன். ஸலாம். எல்லோரும் நலம் என்று தொடங்கி இரண்டு தாள் எழுதினேன். இரண்டும் பொய்யாக இருந்ததால் கிழித்துப் போட்டேன். ஆகவே நலத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகள் ஒருவர் வீட்டுக் கடிதத்தை எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படிப்பது வழக்கம் என்று நீதான் சொன்னாய். இதையும் அப்படியே படி. வெட்கப்பட்டு எந்த வரியையும் விழுங்கிவிடாதே. அவர்களுக்கும் ஊரில் வீடு இருக்கிறது. அந்த வீடுகளிலும் யாரோ ஒருத்தி குனிந்து துவைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

உன் கடிதத்தோடு வழவழப்பான தாளில் இரண்டு துணி துவைக்கும் மெஷின்களின் படம் வந்து சேர்ந்தது. ஒன்றுக்கு முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு. இன்னொன்றுக்கு மேலே மூடி. "முன்கதவா மேல்மூடியா, எது ஷமீமாவுக்குச் சுலபமாக இருக்கும் அத்தா? விசாரித்து எழுதுங்கள், கப்பலில் போட்டுவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறாய். விசாரித்தேன். புளி மண்டிக்காரனுக்குச் சரக்கைக் கையில் எடுத்துக் கிள்ளிப் பார்க்காமல் தரம் சொல்ல வராது. தர்மபுரியில் ஒன்றையும் நம் அரூரில் ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். பதிலும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் நீ மிச்சத்தைப் படிக்காமல் கடைக்கு ஓடிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நீ முதல்முறை விமானம் ஏறிய வருஷம் உன் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போயின, பேச்சு பாதி போயிற்று. அடுத்த விடுமுறையில் நீ வந்தபோது அவசர அவசரமாகப் பெண் பார்த்து நிக்காஹ் முடித்தோம். பையனுக்கு வயதாகிறது என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பாலக்கோட்டில் பெண்ணைக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியாது. இரண்டு மாதம் இருந்துவிட்டு நீ போய்விட்டாய். ஷமீமா கையில் மருதாணி வெளுப்பதற்குள் சோடா உப்பு ஏறிவிட்டது.

அம்மாவின் துணி எப்படிப்பட்டது என்பதை நீ ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும். படுத்த படுக்கையில் இருப்பவளுக்கு எல்லாம் படுக்கையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு நனையும் என்பது அவள் கையில் இல்லை. ஆனால் தொழுகையை விடவில்லை. கை கட்ட முடியாது, குனிய முடியாது, குனிகிற ருக்கூவையும் நெற்றி பதிக்கிற ஸஜ்தாவையும் கண்ணாலேயே செய்து தொழுகிறாள். சிறுநீர் பட்ட துணி நஜீஸ், அசுத்தம். அதை உடுத்திக்கொண்டு தொழ முடியாது. அழுக்கைப் போக்கிய பிறகு மூன்று முறை புதுத் தண்ணீரில் அலசி, மூன்று முறையும் பிழிந்தால்தான் அவளுக்கு அது சுத்தமான துணி. அவளுக்கு ஒரே பயம்தான். "மவுத்து எப்ப வரும்னு தெரியாதுங்க, நஜீஸோட போயிரக் கூடாது" என்று குழறிக் குழறிச் சொல்வாள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சலவைக்காரரிடம் போடலாம் என்றேன். தன் அசிங்கத்தை ஊர் பார்ப்பதா என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆகவே ஒரு விரிப்புக்கு மூன்று தண்ணீர். எல்லாத் தண்ணீரும் கொல்லைப்புறக் கிணற்றிலிருந்து கயிறு போட்டு இழுக்க வேண்டும். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் நான்கு பேர் சும்மா பீடி குடித்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களில் ஒருவனை அனுப்பித் தொட்டியை நிறைத்திருக்கலாம். அனுப்பவில்லை. வீட்டில் இளம் மருமகள் கோஷா இருக்கிறாள், பெண்கள் புழங்கும் கொல்லைக்கு அந்நிய ஆண் வரக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

மார்கழிக் குளிரில் அம்மாவுக்குப் போர்த்த நம் கறுப்புக் கம்பளியைக் கொடுத்திருந்தோம். அது காய்ந்து கிடக்கும்போதே கனம். நனைந்தால் இரண்டு ஆள் தூக்கவேண்டும். ஒரு நாள் அது நனைந்துவிட்டது. ஷமீமா நாலாம் மாதம். அந்தக் கம்பளியைத் தொட்டியில் முக்கி, தூக்கிப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி இறைத்து, மறுபடி முக்கித் தூக்கி, இப்படி மூன்று தரம். மூன்றாவது தரம் தூக்கிக் கொடியில் போட்டவள் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தர்மபுரிக்கு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு ஓடினேன். பிள்ளை தங்கவில்லை. பெண்கள் வந்தார்கள், "அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான்" என்றார்கள். அல்லாவா கம்பளி துவைக்கச் சொன்னான் என்று எனக்கு வாய் வரை வந்தது.

இதையெல்லாம் அப்போதே ஒளிக்காமல் உனக்கு எழுதினேன். அதற்கு நீ எழுதிய பதிலில் ஆறுதல் நாலு வரி, மெஷினைப் பற்றி இரண்டு பக்கம். உன் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? இருந்தாலும், பையன் தன்னால் முடிந்ததைச் செய்ய நினைக்கிறான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஷமீமா உடம்பு தேறியதும் அவளையும் அழைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். உன் சின்ன மாமா வீட்டுக்கு அவர் மகன் குவைத்திலிருந்து அனுப்பிய முன்கதவு மெஷின் வந்திருப்பது உனக்குத் தெரியும்.

அது கூடத்தில் நடு நாயகமாக இருக்கிறது. மேலே பூ வேலை செய்த துணி, அதன்மேல் டி.வி. உன் மாமா அதைத் தட்டிக் காட்டினார், கல்யாண மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிற மாதிரி. "பட்டன அமுக்கினா போதும் மச்சான். அதுவே தண்ணி புடிச்சுக்கும், அதுவே சுட வெக்கும், அதுவே அலசும், அதுவே பிழியும். நாம சோறு தின்னுட்டு கால நீட்டிக்கலாம்" என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? "எத்தினி தடவ போட்டீங்க?" என்று கேட்டேன். மாமா கூரையைப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து உன் மாமி பதில் சொன்னாள். "ரெண்டே ரெண்டு தடவைங்க. ரெண்டாவது தடவ நடுவுல கரண்டு போயிருச்சு. கதவு தொறக்கல. என் கல்யாணச் சேல உள்ள முங்கிக் கிடக்குது, நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் நின்னேன்."

குறை மட்டும் சொன்னால் அது நியாயமான எடை ஆகாது. அந்த மெஷினில் நல்லதும் இருக்கிறது. உள்ளே இருக்கிற உருளை துணியை மேலே தூக்கிப் போட்டுப் போட்டு அடிக்கிறது, கல்லில் அடிப்பதுபோல. துணி பின்னிக்கொள்வதில்லை. தண்ணீர் கொஞ்சம்தான் குடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தானாகவே பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் பிடித்துப் பலமுறை அலசுகிறது. உன் அம்மாவின் மூன்று தண்ணீருக்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அதற்குக் குழாயில் தண்ணீர் விசையாக வரவேண்டும், அதற்கு மாடியில் தொட்டி வேண்டும். நம் வீடு ஓட்டு வீடு. ஓட்டின்மேல் காக்கை உட்கார்ந்தாலே இரண்டு ஓடு சரிகிறது. குழாயில் தண்ணீர் வருவதோ அதன் இஷ்டத்துக்கு. கோடையில் கரண்டு இருந்தாலும் விளக்கு மஞ்சளாக அழுகிறது, அதில் இந்த மெஷின் எங்கே சுற்றப்போகிறது?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஷமீமா அந்தக் கதவின்முன் குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கதவு அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. துணி போடவும் எடுக்கவும் குந்தித்தான் ஆகவேண்டும். எழுந்திருக்கும்போது ஒரு கையை அடிவயிற்றில் வைத்து, இன்னொரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உன் மாமா டி.வி.க்கு அடியில் இருந்த துணியைச் சரிசெய்தார்.

மேல்மூடி மெஷினை அரூரிலேயே பார்த்தேன். கரண்டு ஆபீசுக்கு மாற்றலாகி வந்திருக்கிற இன்ஜினியர் வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டம்மா மண்டியில் புளி வாங்குகிறவர், கேட்டதும் வரச் சொன்னார். ஷமீமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதில் இரண்டு தொட்டி. ஒன்றில் துவைக்க வேண்டும், துணியைக் கையால் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டால் அது சுற்றிச் சுற்றிப் பிழிகிறது. தண்ணீரைக் குடத்தாலேயே ஊற்றலாம், குழாய் வேண்டியதில்லை. "நடுவுல கரண்டு போனா மூடியத் தொறந்து கையால அலசிக்கலாங்க. வேற துணி வுட்டுப் போச்சுன்னா அப்பவே போட்டுக்கலாம்" என்றார் அந்த அம்மா. குறையும் சொன்னார். "சேலைங்களப் பின்னிப் போட்டுருங்க. சிக்கெடுக்கறதுக்குள்ள உசுரு போயிரும். தண்ணியும் கொள்ளாத கொள்ளும்." நின்றபடியே எல்லா வேலையும் செய்யலாம் என்பதை நானே கவனித்துக்கொண்டேன்.

இந்தத் துணி மார்க்கப்படி சுத்தமாகுமா என்ற கேள்வி வேறு இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் முன்பே கேட்டிருந்தேன். "அழுக்க மொதல்ல கையால கழிச்சிருங்க. அப்பறம் மூணு தரம் புதுத் தண்ணி மாத்திப் பிழிஞ்சா சரி. மெஷின் பிழிஞ்சாலும் பிழிஞ்சதுதானே பாய்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த அம்மாவிடம் மூன்று தரம் தண்ணீர் மாற்றுவது எப்படி என்று துருவித் துருவிக் கேட்டேன். எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வூட்ல யாரு துவைக்கறதுங்க?" என்றார். "இவதான், மருமவ" என்றேன். "அப்ப இவங்களுக்கில்ல காட்டணும். நீங்க எதுக்கு இவ்ளோ கேட்டுக்கறீங்க?" என்று சிரித்தார். அவர் வெள்ளையாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது ஷமீமாவிடம் கேட்டேன். "ஏம்மா, ரெண்டுல எது உனக்குத் தோதா இருக்கும்? அவன் எழுதச் சொல்லியிருக்கான்." பிள்ளை போனதிலிருந்து அவளுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. உன் அம்மாவாவது பாதிப் பேச்சு பேசுகிறாள், இவள் அதுகூட இல்லை. சந்தைத் திடலைத் தாண்டும்போது சொன்னாள். "எதுவா இருந்தா என்னாங்க மாமா. துணிய எடுத்துப் போடறதும் நான்தான், எடுத்து ஒணத்தறதும் நான்தான். உங்களுக்குப் புடிச்சத எழுதிருங்க."

அதில் கோபம் இல்லை தம்பி. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்திரண்டு வயதுப் பெண், சாகும்வரை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டவளாகப் பேசினாள்.

மறுநாள் விடியலில் பஜர் தொழுதுவிட்டு நானே வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஷமீமா ஓடிவந்து பிடுங்கினாள். "உள்ள போம்மா" என்று அதட்டினேன். அவளை நான் அதட்டியது அதுதான் முதல்முறை. துணியைப் பார்த்த உடனே குமட்டியது, பொய் சொல்லமாட்டேன். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவளின் துணி. ஒரு விரிப்புக்கு மூன்றாவது தண்ணீர் இறைப்பதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மண்டி வைக்கும் முன் மூட்டை சுமந்த இடுப்பு அல்லவா, அது பழைய கணக்கை மறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா பாய், மருமவ இல்லியா?" என்றான். இருக்கிறாள் என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

உன் அம்மாவுக்குத் தெரிந்ததும் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "வேணாங்க, நீங்க வேணாங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அருகில் உட்கார்ந்தேன். "அந்தப் புள்ள இங்கயே இருந்தா செத்துப் போயிரும்டி. அவள அனுப்பிரலாமா?" என்று கேட்டேன். அவள் அழுகை நின்றது. தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு கேட்டாள், "மூணு தண்ணி ஊத்துவீங்களா?" ஊற்றுவேன் என்றேன். "அனுப்பிருங்க" என்றாள். உன் அம்மாவைப் பற்றி நீ உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்ல எத்தனையோ வைத்திருப்பாய். இதையும் சேர்த்துக்கொள்.

ஷமீமாவை நானே பாலக்கோட்டில் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய அம்மா என்னை உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. நான் கிளம்பும்போது மட்டும், "கூட்டிட்டுப் போறப்ப வாயாடியாத்தான் குடுத்தேன் அண்ணே. வாயே இல்லாம கொண்டாந்து வுட்டிருக்கீங்க" என்றார். ஷமீமா வாசல் வரை வந்தாள். "மாமிக்கு மூணாவது தண்ணி கொஞ்சம் கூடவே ஊத்துங்க மாமா. கேப்பாங்க" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு அந்தக் கவலை.

இன்னொன்று கேள். அவள் போன மறுநாளே மண்டி ஆள் ஒருவன் கொல்லைக்குள் வந்து, பேசிக்கொண்டே இறைத்துத் தொட்டியை நிறைத்துவிட்டுப் போனான். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது தினமும் வருகிறான். கோஷா பார்க்க வீட்டில் மருமகள் இல்லையே, தடை ஏது? அவள் இருந்தவரை வரக்கூடாதவன், அவள் போனதும் வரலாம். நிறைந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தக் கம்பளிக்கு இது இருந்திருந்தால் போதும். நீயும் ஒரு நாள் ஒரு வீட்டுக்குச் சட்டம் போடுவாய். போடுவதற்குமுன் அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று ஒரு தடவை பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மேல்மூடி மெஷினே அனுப்பு. முன்கதவு துணிக்கு நல்லது, தண்ணீருக்குச் சிக்கனம், பார்க்கவும் அழகு. ஆனால் அதற்குக் குந்த வேண்டும், என்னால் குந்த முடியாது. மேல்மூடிக்கு நின்றபடி தண்ணீர் ஊற்றலாம், மூடியைத் திறந்து மூன்று தண்ணீரையும் கண்ணால் பார்த்து மாற்றலாம். சேலை பின்னிக்கொண்டால் உட்கார்ந்து சிக்கெடுப்பேன், எனக்கு வேறென்ன வேலை, மண்டியைப் பாதி நாள் மூடித்தானே வைத்திருக்கிறேன். நீ கேட்டது ஷமீமாவுக்கு எது சுலபம் என்று. நான் எழுதியிருப்பது எனக்கு எது சுலபம் என்று. ஏனென்றால் இந்த மெஷினை அவள் தொடப்போவதில்லை.

அவளை அழைத்துவர நான் பாலக்கோட்டுக்குப் போகமாட்டேன். நீ போக வேண்டும், கடிதத்தால் அல்ல, காலால். அவளை உன்னோடு அங்கே கூட்டிக்கொண்டு போவாயோ, இல்லை அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மண்டியில் உட்காருவாயோ, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். இரண்டும் முடியாது என்றால் அதையும் நேரில் போய்ச் சொல்லி, அவளை விட்டுவிடு. அவளுக்கு வயது இருக்கிறது. நீ இல்லாத இந்த வீட்டுக்கு அவளை இனிமேல் நான் சேர்க்கமாட்டேன்.

உன் அம்மாவுக்குப் போன வாரத்திலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் வெளியே கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். கப்பல் வந்து சேர்வதற்குள் அவள் போய்விடலாம், மெஷின் அட்டைப்பெட்டியோடு அப்படியே நிற்கலாம். அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதே, அடுத்து படுக்கப்போகிறவன் நான். மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் உன் அம்மா சுத்தமான துணியோடுதான் போவாள். அதற்கு நான் பொறுப்பு. ஷமீமாவுக்கு நீ.

அத்தா